பழைய மோட்டார்ஹோமில் அரிசோனாப் பாலைவனம்: குறைந்த செலவில் ஒரு குளிர்காலம்

அக்டோபர் பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை தெற்கு அரிசோனாவிலும் அதையொட்டிய கலிபோர்னியாவிலும் பகல் இதமாக இருக்கும், மழை அபூர்வம். வண்டியை நிறுத்தி இலவசமாகத் தங்க அரசு நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கிறது. இருபது, முப்பது வயதான மோட்டார்ஹோமில், அதாவது படுக்கை, சமையலறை, கழிவறையோடு ஓடும் வீட்டு வண்டியில், இரண்டு பேர் அங்கே ஒரு குளிர்காலத்தைச் சிக்கனமாகக் கழிக்கலாம். புதிதாகக் கிளம்புகிறவர்கள் இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, வண்டியைச் சரியாகப் பார்க்காமல் மலையேற்றத்தில் விடுவது. இன்னொன்று, ஒரே மாதத்தில் நான்கு மாநிலங்களைப் பார்த்துவிட ஆசைப்படுவது.

இரண்டாவதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். இந்த வண்டிகள் ஒரு கேலன் பெட்ரோலுக்கு 8 முதல் 10 மைல்தான் ஓடும். 200 மைல் போனால் 20 முதல் 25 கேலன் காலி. நிறுத்திவைத்த வண்டிக்கு ஆவது தண்ணீரும் கொஞ்சம் கேஸும் மட்டுமே. டயர் வெடிப்பது, எஞ்சின் கொதிப்பது, பிரேக் சூடேறுவது எல்லாம் ஓடும்போதுதான் நடக்கின்றன. ஆகவே ஓரிடத்தில் இரண்டு வாரம் தங்கி, பிறகு நூறு மைல் நகருங்கள். பணம் மிச்சமாவதும் வண்டி பிழைப்பதும் இதில்தான்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

முதல் முறை வாங்குகிறவர்களுக்கு கிளாஸ் சி வண்டியே நல்லது. முன்பக்கம் சாதாரண வேன், பின்னால் வீடு, ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை: இதுதான் அதன் அடையாளம். பெரும்பாலும் ஃபோர்டு ஈ-350 அல்லது ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டியிருப்பார்கள். இதில் பெரிய நன்மை, எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் பம்ப், பெல்ட், ஹோஸ் கிடைக்கும். ஓட்டுவதற்குச் சாதாரணக் கார் லைசென்ஸ் போதும்.

1990களின் நடுப்பகுதி வரை வந்தவற்றில் 7.5 லிட்டர் 460 எஞ்சின் பரவலாக இருக்கும். பெட்ரோல் நிறையக் குடிக்கும், ஆனால் முரட்டு உழைப்பாளி. 1997-க்குப் பிறகு 6.8 லிட்டர் வி-10 வந்தது. அதன் ஆரம்ப வருட எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக் பிடித்துக்கொள்ளும் மரை ஆழம் குறைவு. பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அந்தத் துளைகளுக்கு உறை போட்டுச் சரிசெய்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். எண்பதுகளின் சின்ன டொயோட்டா மோட்டார்ஹோம்கள் பெட்ரோலை மிச்சப்படுத்தும், பார்க்கவும் அழகு. அவற்றில் பின் சக்கரத்து நட்டுகளை எண்ணுங்கள். ஐந்து என்றால் அது சின்னப் பிக்கப்புக்கான அச்சு, வீட்டின் எடையைத் தாங்காது. ஆறு நட்டுள்ள ஒரு டன் அச்சு மாற்றியிருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

எஞ்சினைவிட முக்கியம் கூரை. இதைத் தயக்கமில்லாமல் சொல்வோம்: எஞ்சின் கோளாறுக்கு விலை உண்டு, ஊறிப்போன கூரைக்கு முடிவே கிடையாது. பாலைவன வெயிலில், கூரை இணைப்புகளை அடைக்கும் சீலன்ட் காய்ந்து வெடிக்கிறது. அந்த முடியளவு கீறலில் வருடத்துக்கு நான்கு மழை இறங்கினால்கூட உள்ளே இருக்கும் மரச்சட்டம் மக்கிவிடும். மேல் படுக்கையில் ஏறி, முன் மூலைகள் இரண்டிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பலகை கெட்டியாக எதிர்க்க வேண்டும். ஈரப் பிஸ்கட் மாதிரி உள்ளே போனாலோ, வால்பேப்பரில் டீக்கறை போல வளையம் தெரிந்தாலோ, வெளிச்சுவர் ஃபைபர் கண்ணாடியில் கொப்புளம் எழும்பியிருந்தாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வாருங்கள். கூரை நன்றாக இருந்தால், கிளம்புவதற்கு முன் காற்றுத்துளை, ஏணி, ஆன்டெனா ஆகியவற்றின் விளிம்பெல்லாம் சுத்தம் செய்து, டைகார் போன்ற தானாகப் பரவும் கூரைச் சீலன்டைப் புதிதாக இடுங்கள். ஒரு பகல் வேலை.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை டயர், பிரேக், பேட்டரி, ஹோஸ்களுக்கு ஒதுக்கிவையுங்கள். அது கட்டாயம் செலவாகும்.

டயர்: பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய மோட்டார்ஹோம் டயரில் பட்டன் புதுசு போல இருக்கும், ஏனென்றால் வண்டி ஓடியதே இல்லை. ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையைத் தேடி, அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2317 என்றிருந்தால் 2017-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. சில சமயம் இந்த எண் உள்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆறேழு வருடம் தாண்டிய டயரோடு பாலைவனத்துக்குள் வராதீர்கள். சூடான சாலை, அதிக எடை, பழைய ரப்பர் மூன்றும் சேர்ந்தால் பட்டன் அடுக்கு உரிந்துவிடும். உரிந்து சுழலும் ரப்பர் பட்டை சக்கரத்துக்கு மேலே உள்ள வண்டித் தரையையும், கழிவு நீர்க் குழாயையும், ஒயர்களையும் கிழித்துக்கொண்டு போகும். டயரைவிட அந்தச் சேதத்துக்குத்தான் செலவு அதிகம்.

பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம். உள் டயரில் காற்று போனால் வெளியிலிருந்து தெரியாது. வெளி டயர் முழு எடையையும் தனியாகச் சுமந்து சூடேறி வெடிக்கும். உள் டயருக்கு வால்வு நீட்டிப்புக் குழாய் போட்டு, கேஜ் வைத்து அளந்து பாருங்கள். அதிகாலையில், வண்டி ஓடும் முன் அளப்பதுதான் சரியான அளவு. மதிய ஓட்டத்தில் அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடுவார்கள் சிலர். அது தப்பு. மறுநாள் காலை டயர் குறை காற்றில் நிற்கும், அதனால் இன்னும் சூடேறும்.

எழுபதுகள், எண்பதுகளின் வண்டிகளில் 16.5 அங்குல ரிம் இருந்தால் அந்த அளவில் இன்று டயர் கிடைப்பதே கஷ்டம். ரிம்மோடு 16 அங்குலத்துக்கு மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எல்லாச் சாமானும் தண்ணீரும் ஏற்றிய பிறகு, லாரிகள் எடை போடும் கேட் ஸ்கேலில் ஒரு முறை நிறுத்தி எடை பாருங்கள். ஒவ்வொரு அச்சின் எடையும் தனியாகத் தெரியும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் எடை வரம்போடு ஒப்பிடுங்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாடு

கிளம்பும் முன் இந்த வேலைகளைச் செய்து முடியுங்கள். மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் இதே பட்டியலைச் சொல்லிக் கேளுங்கள். பழைய கூலன்டை முழுக்க வடித்து, பாதிக்குப் பாதி கலந்த புதிய கூலன்ட். ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ்கள், ஹீட்டர் ஹோஸ், பெல்ட்: வயது தெரியாவிட்டால் எல்லாம் புதுசு. கழற்றிய பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் வண்டியிலேயே வையுங்கள். ரேடியேட்டர் துடுப்புகளில் பூச்சியும் தூசியும் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் துடுப்பு மடிந்துவிடும்.

அடிக்கடி விட்டுப்போவது, ரேடியேட்டர் விசிறியை எஞ்சினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, விசிறியைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். எதிர்ப்போடு உடனே நின்றால் நல்லது. மூன்று நான்கு சுற்று தாராளமாகச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. சமதரையில் ஒன்றும் தெரியாது, முதல் ஏற்றத்தில் காட்டிக்கொடுக்கும்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தில் கொதித்து, பெடல் தரைவரை போய்விடும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

ஏற்றத்தில் என்ன செய்வது

ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே போகும் ஐ-17 நெடுஞ்சாலையில் பிளாக் கேன்யன் சிட்டிக்கு மேல் வரும் ஏற்றம், கிங்மேனுக்கும் புல்ஹெட் சிட்டிக்கும் நடுவே 68-ஆம் எண் சாலை, கலிபோர்னியாவில் ஐ-8 சாலையின் இன்-கோ-பா ஏற்றம்: இவையெல்லாம் பழைய வண்டிகளைச் சோதிக்கும் இடங்கள். ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகளை ஐ-8 ஏற்றத்தில் பார்க்கலாம். சும்மா வைத்ததில்லை.

ஒன்று: ஏற்றம் தொடங்கும் முன்பே ஏசியையும், ஓவர்டிரைவ் என்ற உச்ச கியரையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டு: வலது ஓரப் பாதைக்குப் போய், கீழ் கியரில் மணிக்கு 35 முதல் 45 மைலில் ஏறுங்கள். அபாய விளக்கு எரியட்டும். எஞ்சின் சத்தம் கூடுகிறதே என்று பயந்து மேல் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் தண்ணீர்ப் பம்பும் விசிறியும் வேகமாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றி முக்கிக்கொண்டு இழுத்தால் சூடு வெளியேற வழியில்லை.

மூன்று: எஞ்சின் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கினால் காலைக் கொஞ்சம் தளர்த்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஹீட்டரை முழுதாக வையுங்கள். அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை.

நான்கு: அப்படியும் ஏறினால் ஒதுங்கி நிறுத்துங்கள். ஆவியோ ஒழுக்கோ இல்லையென்றால் உடனே அணைக்காமல், நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்துச் சில நிமிடம் ஓடவிடுங்கள், முள் இறங்கும். ஆவி பீய்ச்சினால் உடனே அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை ஒரு மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஏறி முடித்து நிறுத்திய பிறகு கிளம்பாது, பெட்ரோல் இல்லாதது போல இருமும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டது. ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றி அரைமணி காத்திருந்தால் ஓடும். நிரந்தரத் தீர்வு, டேங்குக்கு அருகில் மின் பம்ப் ஒன்றை வைத்து, குழாய்க்கு வெப்பத் தடுப்பு உறை போடுவது.

இறக்கத்தில், ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டிருக்குமோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது ஐந்து வினாடி அழுத்திப் பத்து மைல் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். கருகிய வாடை வந்தால் ஒதுங்கி ஆறவிடுங்கள்.

ஓட்மன் ஊருக்குப் போகும் பழைய 66-ஆம் எண் சாலையில் 40 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தடை. சின்ன வண்டியானாலும் அந்த ஊசிவளைவுகளில் பழைய மோட்டார்ஹோமைக் கொண்டுபோக வேண்டாம்.

எங்கே தங்குவது

பிஎல்எம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் நிலம்தான் இந்தப் பயணத்தின் உயிர். பொதுவிதி: 28 நாளில் 14 நாள் வரை ஓரிடத்தில் இலவசம், பிறகு 25 மைல் தள்ளிப் போக வேண்டும். குழாயோ குப்பைத்தொட்டியோ கரன்டோ கிடையாது. ஏற்கெனவே மற்றவர்கள் தங்கித் தரை கெட்டிப்பட்ட இடத்தில் நிறுத்துங்கள், புதுச்செடியை நசுக்காதீர்கள். பாலைவனத்து மண்ணில் ஒரு சக்கரத் தடம் மறையப் பல பத்தாண்டு ஆகும்.

மாதக்கணக்கில் நகராமல் இருக்க விரும்பினால் நீண்டகாலத் தங்கல் பகுதிகள் இருக்கின்றன. குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே லா போசா, யூமாவுக்கு வடக்கே கொலராடோ ஆற்றின் கலிபோர்னியாப் பக்கம் இம்பீரியல் டேம் இரண்டும் பெரியவை. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முழுப் பருவத்துக்கு 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்று பல ஆண்டுகளாக வாங்கிவருகிறார்கள். போகும் முன் நடப்புக் கட்டணத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். லா போசாவில் குடிநீரும், கழிவு கொட்டும் இடமும், குப்பைத் தொட்டியும் அந்தக் கட்டணத்திலேயே அடக்கம். ஏழு மாதத்துக்கு 180 டாலர் என்றால் நாளொன்றுக்கு ஒரு டாலர்கூட ஆகாது. இதைவிட மலிவான சட்டப்படியான தங்கல் அமெரிக்காவில் அரிது. ஜனவரியில் ஆர்வி எனப்படும் வீட்டு வண்டிகளின் கண்காட்சிக்காகக் குவார்ட்ஸைட்டில் கூட்டம் பொங்கும், எல்லாவற்றுக்கும் வரிசை நிற்கும். அந்த மாதம் வேறெங்காவது இருங்கள்.

மற்ற நிலங்களுக்கு வேறு விதிகள். அரிசோனா மாநில அறக்கட்டளை நிலத்துக்குத் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கோஃபா வனவிலங்குக் காப்பகத்தில் 12 மாதத்தில் 14 நாள்தான். பழங்குடியினர் நிலம் அவர்களுடைய நாடு. அனுமதியில்லாமல் தங்கவே கூடாது. அரிசோனா முழுவதும், விலங்குகள் நீர் குடிக்கும் குட்டை, தொட்டியிலிருந்து கால் மைலுக்குள் முகாம் போடுவது சட்டவிரோதம். உங்களைக் கண்டு பயந்து அவை தண்ணீருக்கு வராமலே செத்துப்போகும் என்பதுதான் காரணம்.

முதல் குளிர்காலத்துக்கு நாங்கள் சொல்லும் பாதை இது. டூசானிலிருந்து 86-ஆம் எண் சாலையில் மேற்கே சுமார் 120 மைல் போனால் வை என்ற சின்ன ஊர். வழி நெடுக டொஹோனோ ஓடாம் மக்களின் நிலம், ஆகவே நடுவில் தங்க முடியாது. வை ஊருக்குத் தெற்கே கன்சைட் வாஷ், பத்து மைல் வடக்கே அஹோ ஊரை ஒட்டி டார்பி வெல் சாலை: இரண்டிலும் பிஎல்எம் நிலம் உண்டு. இங்கிருந்து ஆர்கன் பைப் கள்ளிப் பூங்கா பக்கம்தான். அஹோவிலிருந்து கீலா பெண்ட் 42 மைல். அந்தச் சாலையின் இருபுறமும் ராணுவக் குண்டுப் பயிற்சி நிலம், இறங்கவே வேண்டாம். பிறகு ஐ-8 வழியாக யூமா 115 மைல், அங்கிருந்து 95-ஆம் எண் சாலையில் குவார்ட்ஸைட் 80 மைல். மொத்தம் கிட்டத்தட்ட 370 மைல், கடுமையான ஏற்றம் ஒன்றுகூட இல்லை. முழுக் குளிர்காலத்துக்கும் இடம் மாற ஆகும் பெட்ரோல் 47 கேலனுக்குள் முடிந்துவிடும்.

பெட்ரோலை அரிசோனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கொலராடோ ஆற்றைத் தாண்டி கலிபோர்னியாவின் பிளைத்துக்கோ நீடில்ஸுக்கோ போனால் விலை சட்டென்று எகிறும். டேங்கில் பாதிக்குக் கீழே விடாதீர்கள். ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கிறது. கால் டேங்கில் அது தானாக நின்றுபோனால் பழுதல்ல. வண்டி வீடு திரும்ப மிச்சம் வைக்கும் ஏற்பாடு.

தண்ணீர்

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பாத்திரம், முகம் கழுவ எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக இருந்தால் நாலு கேலன். இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு 56 கேலன். வண்டியின் டேங்க் 30 கேலன் என்றால், ஆறு கேலன் நீலக் கேன் ஐந்து கூட வேண்டும். ஒரு கேலன் எட்டு பவுண்டுக்கு மேல் கனம் என்பதால், நிரப்பும் வேலையைத் தங்கும் இடத்துக்கு அருகிலிருக்கும் ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். மலை தாண்டித் தண்ணீரைச் சுமக்க வேண்டாம். அரிசோனா ஊர்களில் சாலையோரத் தண்ணீர் இயந்திரங்கள் நிறைய. காசு போட்டால் சுத்திகரித்த நீர் கேலன் கணக்கில் கிடைக்கும். பழைய டேங்கை முதலில் 15 கேலனுக்குக் கால் கப் வாசனையில்லாத பிளீச் கலந்து, குழாய்களிலும் ஓடவிட்டு, ஓர் இரவு வைத்து, வாடை போகும்வரை அலசுங்கள்.

கழிவறை டேங்கின் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு உள்ளே மலைபோல் குவிந்து இறுகிவிடும். முக்கால்வாசி நிறைந்த பிறகு, கழிவு கொட்டும் இடத்தில் முதலில் கழிவறை டேங்கு, பிறகு பாத்திர நீர் டேங்கு; அந்தச் சோப்பு நீரே குழாயைக் கழுவிவிடும். முடித்ததும் கழிவறை டேங்கில் இரண்டு மூன்று கேலன் தண்ணீர் ஊற்றிவையுங்கள். பாத்திரம் கழுவிய நீரையும் தரையில் விடாதீர்கள்.

கரன்ட், கேஸ், சமையல்

200 வாட் சோலார் பேனல் ஒன்றும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றும் விளக்கு, போன், தண்ணீர்ப் பம்ப், லேப்டாப்புக்குப் போதும். குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருப்பதால், கூரையில் தட்டையாகக் கிடக்கும் பேனல் நாளுக்குச் சுமார் 40 ஆம்பியர்-மணிதான் தரும். தெற்கு பார்த்துக் கிட்டத்தட்ட 50 டிகிரி சாய்த்து வைத்தால் அதே பேனல் 60-க்கு மேல் தரும். லித்தியத்தைப் பழைய வண்டியின் ஆல்டர்நேட்டரோடு நேராக இணைக்காதீர்கள். அது தடையில்லாமல் இழுக்கும், ஆல்டர்நேட்டர் கருகிவிடும். நடுவில், இழுக்கும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

பழைய ஃப்ரிட்ஜ் கேஸ் சுடரில் ஓடும். உள்ளே அமோனியாக் கரைசல் தன் எடையால் வழிந்து ஓடுவதால் வண்டி சமமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் கரைசல் கொதிகலத்திலேயே தேங்கி, ஃப்ரிட்ஜ் நிரந்தரமாகப் போய்விடும். தரையில் ஒரு ரசமட்டம் வைத்துப் பார்த்து, தேவையான சக்கரத்தின் கீழ் பலகை கொடுங்கள்.

ஜனவரி இரவில் குளிர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கும். வண்டியோடு வரும் ஃபர்னஸ் என்ற வெப்பமூட்டி கேஸையும் பேட்டரியையும் சேர்த்து விழுங்கும்; 30,000 பிடியு ஃபர்னஸ் தொடர்ந்து எரிந்தால் மூன்று மணி நேரத்தில் ஒரு கேலன் கேஸ் காலி. தூங்கும் முன் அணைத்துவிட்டு நல்ல கம்பளிக்குள் படுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கேஸ் அலாரமும் புதிதாக வாங்கி மாட்டுங்கள். பழையவை பச்சை விளக்கு எரிந்தாலும் ஆயுள் முடிந்திருக்கும். அடுப்பைக் குளிர்காய எரியவிடாதீர்கள்.

பிரஷர் குக்கரைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸும் தண்ணீரும் மிச்சம். பின்னால் மலைமேல் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரின் உயரத்துக்குப் போகும்போது தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. மிக்ஸிக்கு 1,500 வாட் இன்வெர்ட்டர் வேண்டும். சட்னி அரைக்கும் இரண்டு நிமிடத்துக்குப் பேட்டரி தாராளமாகத் தாங்கும்.

சோதனைச் சாவடிகள்

எல்லையைத் தாண்டாவிட்டாலும் தெற்கு அரிசோனாச் சாலைகளில் எல்லைக் காவல்படையின் உள்நாட்டுச் சாவடிகள் உண்டு. குடிமகன்தானா என்று கேட்பார்கள். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டோ, பாஸ்போர்ட்டோடு ஐ-94 என்ற வருகைப் பதிவோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்; பெட்டிக்குள் போட்டுப் பூட்டாதீர்கள்.

கலிபோர்னியாவுக்குள் நுழையும் இடத்தில் வேளாண் சோதனை. பழங்கள் மட்டுமல்ல, கறிவேப்பிலையும் சிக்கல். எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் வாழ்கிறது. பச்சைக் கறிவேப்பிலையையோ தொட்டிச் செடியையோ மாநிலம் தாண்டிக் கொண்டுபோகாதீர்கள், கேட்டால் மறைக்காதீர்கள்.

மணல், வெள்ளம், தூசி, எலி

வறண்ட ஓடைகளை இங்கே வாஷ் என்கிறார்கள். நிழலும் சமமான மணலும் பார்த்து அங்கேதான் நிறுத்தத் தோன்றும், அங்கே நிறுத்தவே கூடாது. புதர்களின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். எல்லாப் புதரிலும் ஒரே பக்கமாகக் குச்சியும் வைக்கோலும் சிக்கிச் சடைபோட்டிருந்தால், போன வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்று அந்தச் சடையே காட்டும். மலையில் பெய்யும் மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே வந்து சேரும். தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கி மாட்டினால் மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வசூலிக்க அரிசோனாவில் 1995 முதல் சட்டம் இருக்கிறது.

மண் பாதையில் திரும்பும் முன் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் ஓர் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் வண்டி போகாது. சக்கரம் வழுக்கத் தொடங்கிய அந்தக் கணமே ஆக்ஸிலேட்டரை விடுங்கள். இன்னும் முடுக்கினால் அச்சுவரை தோண்டிக்கொள்ளும். மண்வெட்டியும் நாலடிப் பலகை இரண்டும் இருந்தால், மணலை வாரி, பலகையைச் செருகி, வந்த வழியே பின்னோக்கி வெளியேறலாம். சாலையோர உதவித் திட்டங்கள் பலவும் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் வராது. விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஓட்டும்போது புழுதிச் சுவர் எதிரே வந்தால் சாலையை விட்டு முடிந்தவரை விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதைச் சாலை என்று நம்பி வந்து மோதுவார். இந்த மண்ணின் தூசியில் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற நுரையீரல் நோய்க்கான பூஞ்சை இருக்கிறது. பயணம் முடிந்து சில வாரங்களில் விடாத இருமலும் காய்ச்சலும் வந்தால், அரிசோனாவில் இருந்தோம் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். வேறு மாநில டாக்டருக்கு அது சட்டென்று தோன்றாது.

பாம்பு, தேளைவிட வண்டிக்கு எதிரி பேக்ரேட் என்ற எலி. ஓரிரவில் எஞ்சினுக்குள் கள்ளி முட்களால் கூடு கட்டி, ஒயரைக் கடித்துவிடும். இருட்டான பொந்தைத்தான் அது தேடுகிறது. நிறுத்தியிருக்கும்போது இரவில் பானெட்டைத் திறந்துவைத்து, அடியில் ஒரு சின்ன எல்இடி சரவிளக்கை எரியவிடுங்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். சோய்யா (cholla) என்ற கள்ளியின் துண்டு காலில் ஒட்டினால் கையால் இழுக்காமல், அகலப் பல் சீப்பை அடியில் செருகிச் சுண்டிவிடுங்கள்.

ஏப்ரலில் மேலே ஏறுவது

யூமா கடல்மட்டத்திலிருந்து 140 அடி, டூசான் 2,400, ஃபிளாக்ஸ்டாஃப் 6,900. ஆயிரம் அடிக்கு மூன்று முதல் ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். கீழே 95 டிகிரி அடிக்கும் நாளில் மேலே பைன் காட்டில் 70 இருக்கும். பகல் 90-ஐத் தொடத் தொடங்கியதும் கிளம்புங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால் ஐ-17 ஏற்றத்தை வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். கிராண்ட் கேன்யனுக்குத் தெற்கே, டுசாயான் ஊரை ஒட்டிய 302-ஆம் எண் காட்டுச் சாலையில் வனத்துறை நிலத்தில் இலவசமாகத் தங்கலாம். வனத்துறையின் வாகனப் பாதை வரைபடத்தை முன்னாடியே போனில் இறக்கி வையுங்கள், அங்கே சிக்னலை நம்ப முடியாது. மே மாதத்திலும் இரவில் உறைபனி விழும் என்பதால், படுக்கும் முன் தண்ணீர்ப் பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள்.